கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்: மொரீஷியஸில் நிலக்காட்சிப் படம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸுக்கு வந்து போகும் உறவினர்களின் கைபேசியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரியான படங்கள்தான் இருக்கும். நீலக் கடல், வெள்ளை மணல், ஓரத்தில் ஒரு தென்னை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் கேமராவை எடுத்தவுடன் கடலைப் பார்த்துத்தான் நிற்கிறோம். கடல் அழகு என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தத் தீவுக்கு முகம் தந்தது மலை. ஏறக்குறைய 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிலிருந்து எழுந்த எரிமலை தேய்ந்து, அதன் விளிம்பில் மிஞ்சியவையே இன்று நாம் பார்க்கும் சிகரங்கள். லெ பூஸ், பீட்டர் போத், கோர் து கார்த், ரம்பார் என்று ஒவ்வொன்றும் தனித்த உருவம் கொண்டது. வேறு தீவின் மலையோடு ஒருவரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

இந்த வழிகாட்டி அந்த மலைகளை மையமாக வைத்தது. எங்கே போவது என்பதைவிட, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தத் திசை பார்த்து நிற்பது என்பதற்கே இதில் கூடுதல் இடம் தந்திருக்கிறேன். இடப் பட்டியல் எங்கும் கிடைக்கும். ஒளி எப்போது எங்கே விழும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

படி 1: இடத்தை முடிவு செய்யும் முன் காற்றைப் பாருங்கள்

தீவு வடக்குத் தெற்காகச் சுமார் 65 கிலோமீட்டர், கிழக்கு மேற்காகச் சுமார் 45 கிலோமீட்டர். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு காலைப் பொழுதில் போய்விடலாம். ஆனால் அந்தத் தூரத்துக்குள் வானம் முற்றிலும் மாறிவிடும். காரணம் தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று. கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் அந்தக் காற்று கிழக்குக் கரையில் ஏறி, நடுத்தீவின் மேட்டுநிலத்தில் மோதி மேலெழும்பி, அங்கேயே மேகமாகிறது. மேட்டுநிலத்து ஊரான கியூர்பிப்பில் குடை பிடித்து நடக்கும் அதே மணியில் மேற்குக் கரையின் தமரேனில் வெயில் அடிப்பது இதனால்தான்.

எனவே முந்தைய இரவே மூன்று விஷயங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: காற்றின் திசை, அதன் வேகம், கடல் அலையின் உயரம். தென்கிழக்குக் காற்று பலமாக இருந்தால் மேற்குக் கரைக்குப் போங்கள். லெ மோர்னிலிருந்து ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் வரை உள்ள பகுதி மலைகளின் மறைவில் இருக்கிறது. அங்கே வானம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். காற்று ஓய்ந்த நாள் கிழக்குக் கரைக்கு உரியது. பெல் மாரிலும் த்ரூ தோ தூஸிலும் கடற்காயல் கண்ணாடிபோல் நிற்கும் காலைகள் குறைவு, வாய்த்தால் விடாதீர்கள். காற்று ஓய்ந்தும் மேகம் தாழ்ந்தும் இருந்தால் மேட்டுநிலத்துக்கு ஏறுங்கள். பிளாக் ரிவர் கோர்ஜஸ் பள்ளத்தாக்கில் பஞ்சுப்பொதி போல மேகம் இறங்கி நிற்பது அப்படிப்பட்ட நாளில்தான்.

மே முதல் அக்டோபர் வரையிலான குளிர்காலத்தில் காற்று வலுவானது, ஆனால் பார்வை தெளிவாக இருக்கும். தூரத்து மலையின் மடிப்புகூடக் கூர்மையாகப் பதியும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஈரப்பதம் கூடும், தூரக் காட்சி வெளிறும். அதற்கு ஈடாகப் பிற்பகலில் எழும் பெரிய மழைமேகங்கள் கிடைக்கும். சூறாவளி எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை படிப்படியாக உயரும். முதல் எச்சரிக்கை வந்த பொழுதே படத்தை மறந்துவிட்டு வீட்டு வேலையைப் பாருங்கள்.

படி 2: சூரியன் வடக்கே போகிறது என்பதை மனத்தில் பதியுங்கள்

தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து இங்கே வேலை செய்பவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான். நாம் இருப்பது தென் அட்சரேகை 20 பாகையில். ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன் வடக்கு வானத்தில், ஏறக்குறைய பாதி உயரத்தில் நிற்கும். கிழக்குக்குச் சற்று வடக்கே தள்ளி எழுந்து, மேற்குக்குச் சற்று வடக்கே தள்ளி மறையும். டிசம்பரில் நிலைமை தலைகீழ். தெற்கு ஒதுங்கி எழுந்து, உச்சியில் நேர் தலைக்கு மேல் வந்து, தெற்கு ஒதுங்கி மறையும்.

படமெடுப்பவருக்கு இதன் பொருள் மிகத் தெளிவானது. மலையின் வடக்கு முகம் குளிர்காலம் முழுதும் ஒளியில் இருக்கும். தெற்கு முகத்துக்கும் தெற்குக் கடற்கரைப் பாறைகளுக்கும் நேரடி வெயில் கோடைக் காலையிலும் மாலையிலும்தான் கிடைக்கும். ஜூலையில் தெற்குக் கரைக்குப் போய் பொன்னிறப் பாறையைத் தேடினால் கிடைக்காது. அங்கே அப்போது எடுக்க வேண்டிய படம் வேறு, பின்னால் சொல்கிறேன்.

நேரக் கணக்கு: ஜூன் இறுதியில் சூரிய உதயம் காலை 6.40 அளவில், மறைவு மாலை 5.45 அளவில். டிசம்பர் இறுதியில் உதயம் 5.30 அளவில், மறைவு 6.50 அளவில். வெப்ப மண்டலமாதலால் அந்தி நீளாது. சூரியன் மறைந்தபின் வண்ணமுள்ள வெளிச்சம் இருபத்தைந்து நிமிடம் நீடித்தாலே அதிகம். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடத்தில் ட்ரைபாடை ஊன்றியிருக்க வேண்டும். வழியில் தால் பூரி வாங்க நிறுத்தினால் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

படி 3: மேற்கில் தொடங்குங்கள்

புதிதாகக் கற்பவருக்கு மேற்குக் கரையைவிடப் பொறுமையான ஆசிரியர் இல்லை. வானம் ஏமாற்றுவது குறைவு, சாலை எளிது, மாலை ஒளி நேராக மலைமீது விழும்.

லெ மோர்ன் மலை 556 மீட்டர் உயரம். அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பொதுக் கடற்கரை மலையின் மேற்கே இருக்கிறது. மாலையில் எல்லாரும் சூரியன் மறைவதைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள். நீங்கள் திரும்பி நில்லுங்கள். சூரியன் அடிவானத்தைத் தொடுவதற்குச் சற்று முன், செங்குத்தாக எழும் அந்தக் கருங்கல் சுவர் செம்பு நிறத்துக்கு மாறும். சில நிமிடங்கள்தான். படத்தின் முன்னணிக்குச் சவுக்கு மரங்களின் வரிசை இருக்கிறது. அவற்றின் ஊடே மலையை வைத்தால் உயரம் விளங்கும். மரம் இல்லாமல் மலையை மட்டும் எடுத்தால், அது எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.

இந்த இடத்தில் மிக அகன்ற கோணத்தைத் தவிர்ப்பதே என் பரிந்துரை. 16 மி.மீ. லென்ஸ் மலையைப் பின்னுக்குத் தள்ளி மேடாக்கிவிடும். 35 முதல் 70 மி.மீ. வரை வைத்து, தேவைப்பட்டால் மூன்று நான்கு செங்குத்துப் படங்களை எடுத்துப் பின்னர் இணைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் லெ மோர்ன் வேண்டுமென்றால் லா கொலேத், காஸ் நொயால் கரைக்குப் போங்கள். சூரியன் உங்களுக்குப் பின்னால் மலைகளைத் தாண்டி ஏறிவர, தென்மேற்கே லெ மோர்னின் கிழக்கு முகத்தில் வெளிச்சம் படியும். காயல் அந்த நேரத்தில் அசையாமல் இருந்தால் பிரதிபலிப்பும் சேர்ந்து கிடைக்கும். மீனவர்களின் படகுகள் நிற்கும் இடம் அது. படகை முன்னணியில் வைக்கும்போது உரிமையாளர் அருகில் இருந்தால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு எடுங்கள். காஸ் நொயாலிலிருந்து ஷமரேல் போகும் மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறினால், லெ மோர்னும் பெனித்தியே தீவும் காயலின் நீலப் படிநிலைகளும் ஒரே சட்டத்தில் அடங்கும் காட்சிமுனை ஒன்று உண்டு. அங்கே மட்டும் நடுப்பகல் வெயில் நல்லது. சூரியன் உயரே இருந்தால்தான் தண்ணீரின் அடிவரை ஒளி இறங்கி மணலும் பவளமும் வேறு வேறு நிறம் காட்டும். லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டியை மெதுவாகத் திருப்பி, நீரின் பளபளப்பு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். முழுவதும் திருப்பிவிட்டால் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருத்துப் போகும்.

‘கடலுக்குள் அருவி’ என்று பரவியிருக்கும் அந்தப் படத்தைத் தேடிக் கரையில் அலையாதீர்கள். பவளப் பாறையின் விளிம்பில் மணலும் வண்டலும் ஆழத்துக்குச் சரியும் தோற்றம் அது. வானிலிருந்து பார்த்தால் மட்டுமே அருவியாகத் தெரியும்.

தமரேன் விரிகுடாவிலும் அதே பாடம்தான். மணலில் நின்று உள்நாட்டைப் பார்த்தால், ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பின்னால் டூரெல் மலை கூம்பாக எழுந்து நிற்கும். மாலை வெயில் அதன் முகத்தில் விழும்போது ஆற்று முகத்தில் தேங்கிய நீர் அதைத் திருப்பிக் காட்டும். நீர் விளிம்பில் கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்குங்கள். உயரம் குறையக் குறையப் பிரதிபலிப்பு நீளும்.

படி 4: கோர் து கார்த், கோவிலும் மலையும்

நம்மவர்களுக்கு இந்த மலையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காத்ர் போர்னிலிருந்து பார்த்தால் மேற்கே சுவர்போல் நிற்கும் 720 மீட்டர் மலை. அதன் சரிவில் சிவ சுப்பிரமணியர் கோவில். தைப்பூசத்தன்று காவடிகள் படியேறும் காட்சியை எடுத்தவர்கள் நிறைய. ஆனால் விழா இல்லாத ஒரு சாதாரணக் காலையில், கோபுரத்தையும் அதற்குப் பின்னால் உள்ள பாறைமுகத்தையும் ஒன்றாக வைத்து எடுத்த படங்களை நான் குறைவாகவே பார்க்கிறேன். இந்தத் தீவில் நம் வரலாற்றை ஒரே சட்டத்தில் சொல்லும் நிலக்காட்சி இதைவிட வேறில்லை என்பது என் எண்ணம்.

கோவில் மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் காலை ஒளியே சரி. சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் எடுங்கள். பிற்பகலில் மலையே நிழல் போட்டுவிடும். கீழே சற்றுத் தள்ளி நின்று 70 முதல் 200 மி.மீ. லென்ஸால் எடுத்தால், தூரம் சுருங்கி, மலை கோபுரத்தின்மேல் சாய்ந்து நிற்பதுபோல் வரும். படிக்கட்டின் அடியில் நின்று அகன்ற கோணத்தில் எடுத்தால் கோபுரம் வளரும், மலை ஒடுங்கும். இரண்டையும் எடுத்துப் பாருங்கள், எது உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறது என்று தெரியும்.

ஒளி அளவில் ஒரு சிக்கல் உண்டு. வண்ணம் பூசிய கோபுரம் வெயிலைத் திருப்பி அடிக்கும், கருங்கல் அதை விழுங்கும். கேமரா பாறையைக் கணக்கில் கொண்டு வெளிச்சத்தைக் கூட்டினால் கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் வெளுத்துவிடும். கோபுரத்தின் மிகப் பளிச்சென்ற பகுதி வெளுக்காத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து, ரா கோப்பாக (கேமரா பதிந்த மூலத் தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) பதிவு செய்யுங்கள். பாறையின் நிழலைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். வெளுத்துப்போன சிற்பத்தை மீட்க வழியில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். கருவறைப் பக்கம் லென்ஸைத் திருப்பும் முன் குருக்களையோ நிர்வாகத்தினரையோ கேளுங்கள். பூசை நடக்கும்போது ட்ரைபாடை வழியில் விரிக்காதீர்கள். மேலே நின்று கிழக்கே திரும்பினால் காத்ர் போர்ன் நகரமும் அதற்கப்பால் மோக்கா மலைத்தொடரும் விரியும். அதுவும் ஒரு படம்.

படி 5: மோக்கா மலைத்தொடர்

பீட்டர் போத் 820 மீட்டர், லெ பூஸ் 812 மீட்டர். தீவின் மிக உயர்ந்த சிகரமான பித்தோன் து லா பெத்தித் ரிவியேர் நுவார் 828 மீட்டர், ஆனால் அது காட்டுக்குள் அடங்கிப் படத்தில் எடுபடாது. இந்த இரண்டும் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். பீட்டர் போத்தின் உச்சியில் மனிதத் தலைபோல் ஒரு பாறை உட்கார்ந்திருக்கிறது. 1615-இல் இத்தீவுக்கு அருகே கடலில் மூழ்கி இறந்த டச்சு ஆளுநரின் பெயர் அது. 1836 ஏப்ரல் இறுதியில் பீகிள் கப்பலில் இங்கே வந்த சார்லஸ் டார்வின் ஏறிப்பார்த்த மலை லெ பூஸ்.

லெ பூஸ் ஏற்றம் மோக்கா பக்கத்திலிருந்து எளிது. கரும்புத் தோட்டத்தின் ஓரமாகத் தொடங்கும் பாதையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் உச்சிக்கு அருகே போய்விடலாம். கடைசிப் பகுதி செங்குத்து, பாறையைப் பிடித்து ஏற வேண்டும். மேலே ஒரு பக்கம் போர்ட் லூயிஸ் துறைமுகம், மறுபக்கம் மேட்டுநிலம், முகட்டின் தொடர்ச்சியில் பீட்டர் போத். குளிர்கால மாலையில் சூரியன் வடமேற்கில் இறங்குவதால், முகட்டின் வடக்குச் சரிவு மடிப்பு மடிப்பாக ஒளிரும். டிசம்பர் மாலையில் அதே சரிவு நிழலுக்குள் போய்விடும். ஆனால் இறங்கும்போது இருட்டிவிடும் என்பதை மறக்கக் கூடாது. தலைவிளக்கு இல்லாமலும் தனியாகவும் மாலை ஏற்றத்துக்குப் போகாதீர்கள். மழை பெய்த மறுநாள் அந்தச் செம்மண் பாதை எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். அன்று கீழிருந்தே எடுங்கள்.

கீழிருந்து எடுப்பதில் குறையொன்றும் இல்லை. போர்ட் லூயிஸ் கோட்டைமேட்டில் நின்றால் 1812-இல் தொடங்கிய ஷான் து மார்ஸ் குதிரைப் பந்தயத் திடலும் அதன் பின்னால் மலைகளும் அடுக்கடுக்காகத் தெரியும். அங்கேயும் ஜூன், ஜூலை மாலைகள்தான் பொருத்தம். பீட்டர் போத் தலைப்பாறையின் உருவம் தெளிவாக வேண்டுமானால் அதன் அடிவாரத்தில் உள்ள க்ரேவ் கேர் ஊருக்குப் போங்கள். நூவேல் தேகூவெர்த்திலிருந்து லா நிக்கோலியேர் நீர்த்தேக்கத்துக்கு இறங்கும் சாலையில் வடக்குச் சமவெளி முழுவதும் கடல்வரை விரிந்து கிடக்கும். அங்கே வண்டியை ஓரம் கட்டுவதில் மட்டும் கவனம் தேவை, வளைவுகள் குறுகலானவை.

படி 6: கரும்பை விட்டுவிடாதீர்கள்

கடற்கரைக்கு விரையும் வழியில் நாம் கடந்துபோகும் கரும்புத் தோட்டம்தான் இந்தத் தீவின் மிகப் பெரிய நிலக்காட்சி. அந்த வயல்களின் நடுவே கோபுரம்போல் அடுக்கிய கருங்கல் குவியல்கள் நிற்கின்றன. நிலத்தை உழுவதற்காக எரிமலைக் கற்களைக் கையால் பொறுக்கி அடுக்கியவை. முதலில் அடிமைகள், பிறகு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம் முன்னோர் செய்த வேலை. அவர்கள் வந்திறங்கிய துறையான ஆப்பிரவாசி காட் படிக்கட்டை எடுக்கும் அதே மரியாதையோடு இந்தக் கற்குவியலையும் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கரும்பு ஆண்டு முழுதும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. ஜூன் முதல் டிசம்பர் வரை வெட்டு நடக்கும். வெட்டுக்கு முன் மே, ஜூன் மாதங்களில் பூ எடுக்கும். அந்த வெள்ளிப் பூக்களைச் சூரியனுக்கு எதிராக வைத்து எடுங்கள். காலையோ மாலையோ, சூரியன் தாழ்ந்து பூவுக்குப் பின்னால் இருக்கும்போது ஒவ்வொரு இழையும் எரியும். வெட்டுக்கு முன் கரும்பு ஆளுயரத்தைத் தாண்டி நிற்பதால் மலை மறையும். வெட்டியபின் நிலம் திறந்து, கற்குவியலும் மலையும் ஒருங்கே தெரியும். செப்டம்பரில் ஒரு வயல் மூடியும் பக்கத்து வயல் வெட்டியும் இருக்கும். இரண்டுக்கும் இடையே ஓடும் மண்பாதை கண்ணை மலைவரை இழுத்துச் செல்லும்.

எங்கே நிற்பது? சேன் பியேர், மோக்கா சமவெளியிலிருந்து லெ பூஸ், பீட்டர் போத் பக்கம் பார்ப்பதானால் காலை. பாம்பூ பக்கச் சமவெளியிலிருந்து கோர் து கார்த்தையும் ரம்பாரையும் பார்ப்பதானால் மாலை. மேற்கிலிருந்து கிழக்கே பார்க்கிறீர்கள், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இறங்கும். வயல்பாதைகள் பெரும்பாலும் தோட்டங்களுக்குச் சொந்தமானவை. சாலையோரத்தில் நின்று எடுக்கலாம், உள்ளே போக வேண்டுமென்றால் அனுமதி கேளுங்கள். வெட்டு நடக்கும் நாளில் லாரிகளின் வழியை மறிக்காதீர்கள்.

கேமரா அமைப்பு: எஃப் 11 துளை (ஒளி நுழையும் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்திறன்), ட்ரைபாட். காற்றில் கரும்பு அசைந்தால் ஷட்டரை நூற்றில் ஒரு பங்கு நொடிக்குக் கீழே விடாமல் ஐஎஸ்ஓவை உயர்த்துங்கள். அசைவையே காட்ட விரும்பினால் அரை நொடிக்குப் போய்விடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட வேகம் கவனக்குறைவாக எடுத்த படம்போல் தோன்றும்.

படி 7: தெற்குக் கரை

தீவைச் சுற்றியுள்ள பவளத் திட்டு சுயாக் அருகே கிரி கிரியில் இல்லை. அதனால் திறந்த பெருங்கடலின் அலை நேராகப் பாறையில் வந்து மோதுகிறது. குளிர்காலத்தில் தென்கடலிலிருந்து எழும் நீண்ட அலைகள் இங்கே பெரிதாக வரும். இப்போது முன்பு விட்ட பேச்சுக்கு வருகிறேன். ஜூலையில் இந்தப் பாறைகள் நாள் முழுதும் நிழலில்தான் இருக்கும். அப்போது பொன்னிறத்தைத் தேடாமல், விடியலுக்கு முந்தைய நீல வெளிச்சத்தில் அலையின் ஓட்டத்தை எடுங்கள். மேகமூட்டமான பகல்கூட நன்றாக இருக்கும்.

செய்முறை இது. முதலில் ட்ரைபாட் இல்லாமல் கால் மணி நேரம் நின்று அலையைக் கவனியுங்கள். சிறிய அலைகள் பல வந்தபின் பெரிய அலைகள் கூட்டமாக வரும். அந்தப் பெரிய அலையின் ஈரம் எந்தப் பாறைவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, அதற்கு வெகு தொலைவில் மேலே நின்றுகொள்ளுங்கள். பிறகு எஃப் 11, ஐஎஸ்ஓ 100 வைத்து, கால் நொடி முதல் ஒரு நொடி வரை வெவ்வேறு வேகத்தில் எடுங்கள். அலை பாறையில் மோதி வழிந்து பின்வாங்கும் கணத்தில் அழுத்தினால் வெள்ளை இழைகள் கோடுகோடாக விழும். மோதும் கணத்தில் அழுத்தினால் வெறும் வெண்புகைதான் பதியும். முப்பது நொடிக்கு நீட்ட வேண்டுமானால் ஒளியைக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் தேவை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்). ஆனால் என் விருப்பம் குறுகிய வேகம்தான். கிரி கிரியின் சீற்றத்தைப் பனிமூட்டமாக மாற்றிவிட்டால் அது கிரி கிரி இல்லை.

ஒவ்வொரு படத்துக்கும் இடையே லென்ஸைப் பாருங்கள், உப்புத்துளி படிந்திருக்கும். உலர்ந்த துணியால் தேய்க்க வேண்டாம். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை இந்தக் கரையின் உண்மையான ஒளிக்காலம். உதயமும் மறைவும் தெற்கே ஒதுங்குவதால் பாறைமுகங்களில் பக்கவாட்டு வெயில் விழும். கிரி கிரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ‘அழும் பாறை’ இருக்கிறது. எஸ்காலியே பக்கம் கரும்புப் பாதைகளின் முடிவில் போன் நாச்சுரேல் என்ற இயற்கைப் பாலம். அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களைப் பார்க்கிறேன். கீழே குடைந்து குடைந்து கடல் அரித்த பாறை அது. பக்கத்திலிருந்து எடுத்தால்தான் பாலத்தின் வளைவே தெரியும், மேலே ஏறுவதற்கு ஒரு காரணமும் இல்லை. மேற்கே பே து காப்புக்கு அப்பால் மகோந்த் முனையில் சில படிகள் ஏறினால், பாறையைச் சுற்றி வளையும் கடற்கரைச் சாலையும் காயலும் கிடைக்கும். மாலையில் போங்கள்.

மற்ற இடங்கள், சுருக்கமாக

மேட்டுநிலத்தில் பிளாக் ரிவர் கோர்ஜஸ் காட்சிமுனைக்கு விடியலிலேயே போய்விடுங்கள். 1994-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு இது. பள்ளத்தாக்கில் மிதக்கும் நீள்வால் வெள்ளைப் பறவையைச் சட்டத்துக்குள் பிடிக்க முடிந்தால் அந்த ஆழத்துக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். குரங்குகள் பையைத் திறக்கத் தெரிந்தவை, ஜிப்பை மூடி வையுங்கள். புனித ஏரியான கங்கா தலாவில் பனிமூட்டம் இறங்கிய காலை சிறப்பு. 33 மீட்டர் சிவன் சிலை பாதி மறைந்து நிற்கும்போது எடுங்கள். கியூர்பிப் த்ரூ ஓ சேர்ஃப் எரிமலை வாயைச் சுற்றி நடந்தால் த்ருவா மாமெல், ரம்பார், மோக்கா மலைகள் வரிசையாகத் தெரியும். மழைக்குப் பிந்திய தெளிவில் தொலைநோக்கு லென்ஸோடு போங்கள். ஷமரேல் ஏழு வண்ண மண்ணின் நிறங்கள் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளால் வந்தவை. தாழ்ந்த வெயிலில்தான் மேடுபள்ளம் தெரியும். நடுப்பகலில் சப்பையாகிவிடும், திறந்தவுடன் போங்கள்.

வடக்கே காப் மாலெரேயின் சிவப்புக் கூரைத் தேவாலயம் எல்லாரும் எடுத்தது. குவேன் து மீர் தீவின் ஆப்பு வடிவத்தைத் தனியே தொலைநோக்கு லென்ஸில் பிடிப்பது எனக்குப் பிடித்தது. தென்கிழக்கே மாயேபூர் கடல்முகத்தில் நின்றால் விரிகுடாவுக்கு அப்பால் 480 மீட்டர் சிங்கமலை. காலையில் அதன் முதுகு விளிம்பு ஒளிரும்.

படி 8: இரவு வானம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பால்வெளியின் அடர்ந்த நடுப்பகுதி ஏறத்தாழ நம் தலைக்கு மேலேயே வரும். ஜூனில் நள்ளிரவில், ஆகஸ்டில் இரவு உணவு முடிந்த பொழுதிலேயே உச்சியில் இருக்கும். அமாவாசையை ஒட்டிய நாட்களைப் பஞ்சாங்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நகர வெளிச்சம் குறைந்த தெற்குக் கரையும் லெ மோர்ன் பக்கமும் ஏற்றவை. தெற்கே பார்த்தால் கடலுக்கு மேல் தெரு விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. தென்சிலுவையும் அங்கேதான்.

எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, பதினைந்து முதல் இருபது நொடி. பிரகாசமான விண்மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிக் கையால் குவியுங்கள், தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடுங்கள். மலையின் விளிம்பைக் கீழே வைத்தால்தான் அது மொரீஷியஸின் இரவு என்று தெரியும். இரவில் ஆளற்ற கரைக்குத் தனியே போக வேண்டாம், இருவராவது சேர்ந்து போங்கள். பகலிலேயே ஒரு முறை வந்து நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

படி 9: வீடு திரும்பியதும்

முதல் வேலை கேமரா அல்ல, ட்ரைபாட். கால்களை முழுவதும் இழுத்து நல்ல தண்ணீரில் கழுவி, இணைப்புகளைத் திறந்து காயவிடுங்கள். மணலும் உப்பும் ஒரே வாரத்தில் திருகுகளைக் கடித்துவிடும். கேமராவை ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். கியூர்பிப், வாக்வா பக்கம் குடியிருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். மேட்டுநிலத்து ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது மிகச் சாதாரணம்.

படங்களைத் திருத்தும்போது காயலின் நீலத்தைக் கூட்டாதீர்கள். இங்கே அது ஏற்கெனவே நம்ப முடியாத நீலம். கூட்டினால் விளம்பரத் தட்டி ஆகிவிடும். கருங்கல்லின் நிழலைச் சற்று உயர்த்தி, அதன் செம்பழுப்பு தெரியும் அளவில் நிறுத்துங்கள். கரும்பின் பச்சையில் மஞ்சள் அதிகம் கலந்து பதிவாகும், அதைக் கொஞ்சம் இறக்குங்கள். கோப்பின் பெயரில் இடம், மாதம், மணி மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மலைக்கு எந்த வாரம் போக வேண்டும் என்பதை அந்தப் பெயரே சொல்லும்.